முதலில் சேமிப்பு, அப்புறம் கத்தரி: காசு கொடுத்து வாங்கிய வீடியோக்களை வீட்டுக் கணினியில் எடிட் செய்து பத்திரப்படுத்தும் முறை

காசு கொடுத்து வாங்கி இறக்கிய பாடத் தொடர், கச்சேரிப் பதிவு, ஆவணப்படம் என்று ஆளுக்குக் கொஞ்சம் கணினியில் கிடக்கும். அவற்றில் வேண்டாததை வெட்டி, மிச்சத்தை ஒழுங்குபடுத்தி, பல வருடம் கழித்தும் திறக்கும்படி வைக்க வேண்டும். அதற்கான வழிகாட்டி இது.

புதிதாக இறங்குபவர்கள் இடறுவது பெரும்பாலும் வரிசையில்தான். இறக்கியதும் எடிட்டரைத் திறந்துவிடுகிறார்கள். சேமிப்பைப் பற்றிய நினைப்பு கடைசியில், இடம் போதாதபோதுதான் வருகிறது. நானும் அப்படித் தொடங்கியவன்தான். 24 பகுதிகள் கொண்ட ஒரு பாடத் தொடர். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரே அறிமுக இசை. ஒரே மூச்சில் 24-ஐயும் வெட்டி, அதே பெயரில் அதே இடத்தில் சேமித்தேன். மூன்று மாதம் கழித்துப் பெரிய திரையில் போட்டால், இருட்டான இடமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. திரும்ப இறக்கப் போனால் டவுன்லோடு இணைப்பின் காலம் முடிந்திருந்தது.

அதனால் இங்கே சேமிப்பு முதலில் வரும். கத்தரியைக் கையில் எடுப்பது ஆறாவது படியில்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மென்பொருள்கள் எல்லாமே இலவசம். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மீடியாஇன்ஃபோ. போட்டுப் பார்க்க விஎல்சி. தரம் குறையாமல் வெட்ட லாஸ்லெஸ்கட். சப்டைட்டில், அத்தியாயக் குறிகள் சேர்க்க எம்கேவிடூல்நிக்ஸ். மறுபடி என்கோடு செய்யத்தான் (அதாவது வீடியோவைப் புதிதாகச் சுருக்கி எழுதத்தான்) வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக். பல துண்டுகளை அடுக்கி, எழுத்துப் போட்டு, ஒலி சேர்த்து முழு எடிட்டிங் செய்ய ஷாட்கட் அல்லது கேடென்லைவ்.

அடுத்தது இடம். வாங்கிய கோப்புகளின் மொத்த அளவைப் போல மூன்று மடங்கு காலியிடம் வைத்துக்கொள்ளுங்கள்: மூலத்துக்கு ஒன்று, வேலைப் பிரதிக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று. கணக்கு எளிது. விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் உள்ள வீடியோ விநாடிக்கு 1 எம்பி பிடிக்கும், மணிக்கு 3.6 ஜிபி. இதை வைத்து உங்கள் தொகுப்பின் அளவை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

கூடவே கணினிக்கு வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க். இது இல்லாமல் தொடங்க வேண்டாம்.

1. கோப்பு பூட்டியதா, திறந்ததா?

சில கடைகள் கோப்பை டிஆர்எம் பூட்டோடு தருகின்றன. அது அந்த நிறுவனத்தின் செயலியில் மட்டும் ஓடும். விஎல்சியில் போட்டால் கறுப்புத் திரையோ பிழைச் செய்தியோதான். அதை எடிட்டர் எதுவும் ஏற்காது. பூட்டை உடைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம், எனவே இந்த வழிகாட்டி அந்தப் பக்கம் போகாது. பூட்டில்லாப் பதிப்பு கிடைக்குமா என்று விற்றவரையே கேளுங்கள். சில சமயம் கிடைக்கும்.

பூட்டில்லாத கோப்பு என்றாலும் உரிம வரிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு வெட்டி வைத்துக்கொள்வது ஒரு விஷயம், அதைப் பிறருக்கு அனுப்புவது வேறு விஷயம்.

2. முழுதாக இறங்கியிருக்கிறதா?

இணைப்பு நடுவில் அறுந்து, முக்கால்வாசி மட்டும் இறங்கிய கோப்பும் ஃபோல்டரில் முழுக் கோப்பு மாதிரியே உட்கார்ந்திருக்கும். முதல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று விடுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஓர் அட்டவணை உண்டு. அது கோப்பின் முன்னாலும் இருக்கலாம், கடைசியிலும் இருக்கலாம். கடைசியில் இருந்து, அந்தப் பகுதி இறங்காமல் போனால் கோப்பு திறக்கவே திறக்காது. உங்களுக்கும் உடனே தெரிந்துவிடும். அட்டவணை முன்னால் இருந்தால்தான் வம்பு. அறுந்த இடம் வரை அழகாக ஓடி, அங்கே நின்றுவிடும். எம்கேவி கோப்பும் இப்படித்தான்.

எனவே கடைசி ஒரு நிமிடத்துக்குத் தாவி ஓட்டுங்கள். நடுவில் நான்கைந்து இடத்திலும் தாவிப் பாருங்கள். வாங்கிய பக்கத்தில் கோப்பின் அளவு போட்டிருந்தால் ஒப்பிடுங்கள். அங்கே 3.6 ஜிபி என்றிருந்து உங்களிடம் 3.35 ஜிபி என்று காட்டினால் பதற வேண்டாம். ஒருவர் 1000-ஆல் வகுக்கிறார், இன்னொருவர் 1024-ஆல் வகுக்கிறார், அவ்வளவுதான். பைட் கணக்கில் பார்த்தால் இரண்டும் ஒன்றாக வரும்.

3. மூலத்தை ஒதுக்கிக் கைபடாமல் வையுங்கள்

மூன்று ஃபோல்டர்கள் போடுங்கள்: மூலம், வேலை, முடிந்தது. இறக்கிய கோப்பு அப்படியே மூலத்துக்குள் போகும். பெயரைக்கூட மாற்ற வேண்டாம். விற்றவரிடம் பின்னாளில் ஏதாவது கேட்க நேர்ந்தால் அந்தப் பெயர்தான் அடையாளம்.

பிறகு மூலத்தில் உள்ள கோப்புகளைத் தேர்ந்தெடுத்து, பண்புகளில் போய், 'படிக்க மட்டும்' என்று குறியிடுங்கள். இது பெரிய பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் தூக்கக் கலக்கத்தில் அதே பெயரில் சேமிக்கப் போகும்போது கணினி ஒரு கேள்வி கேட்கும். அந்த ஒரு கேள்வி போதும்.

அடுத்து ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் எடுத்து வையுங்கள். கோப்பின் கைரேகை மாதிரி அது. எஸ்எச்ஏ-256 முறையில் எடுத்தால் எவ்வளவு பெரிய கோப்புக்கும் 64 எழுத்துகளில் ஒரு வரி கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி முற்றிலும் வேறாகிவிடும். விண்டோஸில் செவன்-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின்மீது வலது கிளிக் செய்தாலே இதற்கான தேர்வு வரும். அந்த வரிகளை ஒரு சாதாரண உரைக் கோப்பில் ஒட்டி, மூலத்தோடு வையுங்கள். இப்போது வீண் வேலையாகத் தோன்றும். பத்தாவது படியில் இதன் அருமை தெரியும்.

வாங்கிய ரசீது, ஆர்டர் எண், உரிம விவரம் இவற்றையும் பிடிஎஃப்பாக அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். மின்னஞ்சலில் இருக்கிறது என்று விட்டால், தேடும்போது கிடைக்காது.

கடைசியாக, மூலம் ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு பிரதி எடுங்கள். இது முடியும்வரை எடிட்டரைத் திறக்க வேண்டாம்.

4. உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எம்பி4, எம்கேவி, எம்ஓவி என்பவை பெட்டிகளின் பெயர்கள். பெட்டிக்குள் வீடியோ ஒன்று, ஒலித் தடங்கள் சில, சப்டைட்டில் என்று தனித்தனிப் பொட்டலங்கள் இருக்கும். வீடியோ எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பதைச் சொல்வது கோடெக்: எச்.264, எச்.265, ஏவி1 போன்றவை. பெட்டியை மாற்றுவது நொடி வேலை, தரம் துளியும் குறையாது. கோடெக்கை மாற்றுவது மணிக்கணக்கான வேலை, தரமும் குறையும். இந்த வேறுபாடு தெரியாமல், டிவியில் ஓடவில்லை என்று எம்கேவியை மணிக்கணக்கில் கன்வர்ட் செய்கிறவர்கள் நிறையப் பேர். அதற்குப் பெட்டியை மட்டும் மாற்றியிருந்தாலே பல நேரம் ஓடியிருக்கும்.

மீடியாஇன்ஃபோவில் கோப்பைப் போட்டு இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோடெக், அகல உயரம், ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம்), பிட்ரேட் (விநாடிக்கு எவ்வளவு தரவு), ஒலியின் சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரி), எத்தனை ஒலித் தடம். ஃபிரேம் ரேட் நிலையானதா மாறுவதா என்பதை முக்கியமாகப் பாருங்கள். திரைப் பதிவாக எடுத்த பாடங்களில் மாறும் ஃபிரேம் ரேட் அடிக்கடி வரும். அதை அப்படியே எடிட்டரில் போட்டால், போகப் போக உதட்டசைவும் குரலும் விலகும்.

5. மறுபடி என்கோடு தேவையா? முதலில் இதை முடிவு செய்யுங்கள்

செய்ய வேண்டிய வேலைகளை எழுதி, இரண்டாகப் பிரியுங்கள்.

முன்னும் பின்னும் வெட்டுவது, நடுவில் ஒரு பகுதியை நீக்குவது, ஒரே மாதிரியான கோப்புகளை ஒட்டுவது, வேண்டாத ஒலித் தடத்தை எடுப்பது, சப்டைட்டில் சேர்ப்பது, செங்குத்தாகத் தெரியும் படத்தைத் திருப்புவது (சுழற்சிக் குறியை மாற்றினாலே போதும்) இவற்றுக்கு என்கோடிங் தேவையில்லை.

படத்தின்மேல் எழுத்துப் போடுவது, நிறத்தைத் திருத்துவது, ஓரத்தை நறுக்குவது, காட்சிகள் ஒன்றில் ஒன்று கரைவது, அளவு மாற்றுவது என்றால் என்கோடிங் கட்டாயம்.

வீட்டில் செய்கிற வேலையில் பெரும்பாலானது முதல் வகைதான். ஆனால் எல்லாரும் பெரிய எடிட்டரைத் திறந்து, வெறும் 40 விநாடியை வெட்டுவதற்கு இரண்டு மணி நேர வீடியோ முழுவதையும் ரெண்டர் செய்கிறார்கள், அதாவது மறுபடி என்கோடு செய்கிறார்கள். நான் 24 கோப்புகளைக் கெடுத்ததும் இப்படித்தான்.

6. தரம் குறையாமல் வெட்டுவது

லாஸ்லெஸ்கட்டில் கோப்பைத் திறந்து, தொடக்கம் குறித்து, முடிவு குறித்து, ஏற்றுமதி கொடுத்தால் சில விநாடியில் வேலை முடிந்துவிடும். ஆனால் குறித்த இடத்தில் வெட்டாமல் கொஞ்சம் முன்னால் போய் வெட்டியிருக்கும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று எல்லாரும் கைவிடுவது இங்கேதான். காரணம் புரிந்தால் கைவிட மாட்டீர்கள்.

வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. அவ்வப்போது ஒரு முழுப் படம் வரும், அதுதான் கீஃபிரேம். அதற்கு அடுத்தடுத்து வருபவை என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும். எச்.264 வீடியோவை உருவாக்கும் எக்ஸ்264 என்கோடரின் இயல்பு அமைப்பில் ஒரு கீஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே 250 ஃபிரேம்வரை போகலாம். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் அது 10 விநாடி.

இப்போது ஒரு பாடத்தில் 4 நிமிடம் 12 விநாடியிலிருந்து வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கீஃபிரேம்கள் 4:08-லும் 4:18-லும் இருக்கின்றன. 4:12-இல் உள்ள படத்தை வரைய 4:08-இல் உள்ள முழுப் படம் வேண்டும். அதை வெட்டி எறிந்துவிட்டால் 4:18 வரை குரல் மட்டும் கேட்கும். திரை உறைந்து நிற்கும், அல்லது சாம்பல் நிறத்தில் குழம்பும். அதனால் மென்பொருள் 4:08-இலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

என்ன செய்யலாம்? கீஃபிரேமிலிருந்து கீஃபிரேமுக்குத் தாவும் பொத்தான்கள் அதில் உண்டு. தாவித் தாவிப் பார்த்து, உங்களுக்கு வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். நான்கு விநாடி அதிகமாக இருப்பதால் பாடம் கெட்டுவிடாது. பெரும்பாலும் காட்சி மாறும் இடத்திலேயே ஒரு கீஃபிரேம் இருக்கும் என்பதால், அறிமுக இசை முடிந்து பாடம் தொடங்கும் இடம் அநேகமாகச் சரியாகவே அமைந்துவிடும். முடிவுப் பக்கத்தில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. தொடக்கம் சரியாக அமைந்தால் போதும்.

வெட்டியதும் முதல் பத்து விநாடியையும் கடைசிப் பத்து விநாடியையும் ஓட்டிப் பாருங்கள். ஒன்று சரியாக வந்த பிறகே மற்றவற்றுக்குப் போங்கள். தொடரின் எல்லாப் பகுதியிலும் அறிமுகம் ஒரே நீளம்தானே என்று நம்பி மொத்தமாக வெட்ட வேண்டாம். ஏழாம் பகுதியில் ஆசிரியர் முன்னாலேயே ஒரு வாக்கியம் பேசியிருப்பார்.

7. ஒட்டுவது

என்கோடு செய்யாமல் ஒட்ட வேண்டும் என்றால், எல்லாத் துண்டுகளின் கோடெக், அகல உயரம், ஒலியின் சாம்பிள் ரேட் ஆகியவை ஒன்றாக இருக்க வேண்டும். நான்காம் படியில் குறித்து வைத்ததை இங்கே பாருங்கள். ஒன்றில் ஒலி 44.1 கிலோஹெர்ட்ஸ், இன்னொன்றில் 48 என்றிருந்தால், ஒட்டும்போது எதிர்ப்புக் காட்டாமல் ஒட்டிவிடக்கூடும். ஓட்டும்போதுதான் இரண்டாம் துண்டில் ஒலி போயிருக்கும், அல்லது குரல் மாறியிருக்கும். ஒட்டிய இடங்கள் ஒவ்வொன்றையும் காதால் கேட்டுச் சோதியுங்கள்.

ஒட்டத்தான் வேண்டுமா என்பதும் ஒரு கேள்வி. 24 பாடங்களை ஒரே ஆறு மணி நேரக் கோப்பாக்கினால், அதில் ஓர் இடம் கெட்டாலும் மொத்தமும் சந்தேகத்துக்குள் வரும். தனித்தனியாக வைப்பதே என் பழக்கம்.

8. என்கோடு செய்தே ஆக வேண்டும் என்றால்

எடிட்டரில் முதல் வேலை, திட்டத்தின் (புராஜெக்ட்) அளவையும் ஃபிரேம் ரேட்டையும் மூலத்துக்குப் பொருத்துவது. 25-இல் எடுத்ததை 30 திட்டத்தில் போட்டால் கேமரா நகரும் இடங்களில் படம் தத்தித் தத்திப் போகும். மாறும் ஃபிரேம் ரேட் கோப்பு என்றால் முதலில் ஹேண்ட்பிரேக்கில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றி, அந்தப் பிரதியை எடிட்டருக்குக் கொடுங்கள்.

வெளியீட்டில் பிட்ரேட்டை நாமே எண்ணாகக் கொடுக்காமல், நிலையான தர முறையைத் தேர்ந்தெடுங்கள். ஹேண்ட்பிரேக்கில் அது ஆர்எஃப் என்ற பெயரில் இருக்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். எச்.264-க்கு 18 முதல் 20 வரை வைத்தால், ஒழுங்கான மூலத்திலிருந்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். எண்ணை 6 குறைத்தால் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதை நினைவில் வையுங்கள். 0 வைத்தால் இன்னும் அழகாக வரும் என்று நினைக்க வேண்டாம். மூலத்தில் இல்லாதது எங்கிருந்தும் வராது, கோப்புதான் வீங்கும். 1080-ஐ 4கே ஆக்குவதும் அதே கதைதான்.

முழுதாக ஓடவிடும் முன் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை வெளியிட்டுப் பாருங்கள். நல்ல வெளிச்சக் காட்சியை எடுக்க வேண்டாம், அது எந்த அமைப்பிலும் அழகாகத்தான் வரும். இருட்டு அறை, புகை, நிறம் மெல்ல மாறும் வானம், வேகமாக ஆடும் கால்கள் இருக்கும் துண்டாகப் பாருங்கள். குறை இருந்தால் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

பழைய பதிவுகளில் அசையும் பொருள்களின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ் வீடியோ. ஹேண்ட்பிரேக்கின் வடிகட்டிகளில் டிஇன்டர்லேஸ் என்பதைப் போடுங்கள். கோடுகள் இல்லாத வீடியோவுக்கு அதைப் போட்டால் படம் மங்கும்.

ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: எப்போதும் மூலத்திலிருந்தே என்கோடு செய்ய வேண்டும். வெளியீட்டில் எழுத்துப் பிழை கண்டால் அந்த வெளியீட்டையே மறுபடி எடிட்டரில் போடாமல், எடிட்டரின் திட்டக் கோப்பைத் திறந்து திருத்தி, மூலத்திலிருந்து மீண்டும் வெளியிடுங்கள். நகலுக்கு நகல் எடுத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும்.

9. சப்டைட்டில், பெயர்

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரிந்தால், முதலில் அந்த எஸ்ஆர்டி கோப்பை உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால், யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தாலே அநேகமாகச் சரியாகிவிடும். அதை எம்கேவிடூல்நிக்ஸில் வீடியோவோடு சேர்த்து ஒரே பெட்டியில் போட்டு, மொழி தமிழ் என்றும் குறியுங்கள். படத்தின்மேல் நிரந்தரமாக எரித்துவிட வேண்டாம். பிறகு எடுக்க முடியாது.

முடிந்த கோப்புகளுக்குப் பெயரில் தொடர், பகுதி எண், தலைப்பு, தேதி என ஓர் ஒழுங்கு வேண்டும். 1, 2, 10 என்று போட்டால் சில இடங்களில் 10 வந்து 2-க்கு முன்னால் உட்காரும். 01, 02 என்று போடுங்கள். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு போன்ற 9 குறிகளை விண்டோஸ் பெயரில் ஏற்காது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு. 'கொ', 'கோ' போன்றவற்றின் குறியை யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் பெயரைப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து விண்டோஸுக்கு வந்த 'கோலம்' என்ற கோப்பைத் தேடினால் கண்ணெதிரே இருந்தும் கிடைக்காமல் போகலாம். ஒரே பெயரில் இரண்டு கோப்புகளும் நிற்கலாம். இரண்டு கணினிகளுக்கு நடுவே நடமாடும் தொகுப்பு என்றால், பெயரின் தொடக்கத்தில் ஒரு எண் போட்டு, அந்த எண்ணால் தேடுவதே நிம்மதி.

10. பேக்கப், பிறகு அதைச் சோதிப்பது

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பழைய கணக்கு. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, உறவினர் வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று என்று வைத்தால் போதும். கணினியோடு தானாக ஒத்திசையும் கிளவுட் ஃபோல்டரை மட்டும் நம்ப வேண்டாம். இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

பெரிய கோப்பைப் பென்டிரைவுக்கு மாற்றும்போது, இடம் நிறைய இருந்தும் கோப்பு பெரியது என்று மறுத்தால் அது எஃப்ஏடி32 வட்டு. 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள், விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்பதால், முதலில் அவற்றை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

வருடக்கணக்கில் அலமாரியில் தூங்கப் போகும் பிரதிக்கு எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரம் இல்லாமல் நீண்ட காலம் கிடந்தால் அதிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். சுழலும் ஹார்ட் டிஸ்க் இதற்குத் தேவலை, ஆனால் அதுவும் என்றாவது நின்றுபோகும் பொருள்தான்.

இப்போது மூன்றாம் படியில் எடுத்த செக்சம். நகல் எடுத்ததும் நகலுக்கும் செக்சம் எடுத்து ஒப்பிடுங்கள். அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை வெளி டிஸ்க்கைச் செருகி மறுபடி ஒப்பிடுங்கள். 64 எழுத்தையும் படிக்கத் தேவையில்லை, முதல் ஆறும் கடைசி ஆறும் பொருந்தினால் போதும். பொருந்தாத கோப்பு ஒன்று வந்தால், நல்ல பிரதி எது என்று பார்த்து, அதிலிருந்து இதைப் புதுப்பியுங்கள். இந்தச் சோதனை இல்லாவிட்டால், கெட்டுப்போன கோப்பையே நல்ல பிரதியின்மேல் நகல் எடுத்து, மிச்சமிருந்ததையும் அழித்துவிடும் வாய்ப்பு உண்டு.

11. எதை அழிக்கலாம்?

மூலத்தை அழிக்க வேண்டாம். முடிந்தது ஃபோல்டரில் உள்ளதை மூலத்திலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம், ஆனால் தலைகீழாக முடியாது. எடிட்டரின் திட்டக் கோப்பும் சில நூறு கேபிதான் வரும், இருக்கட்டும். அது மூலக் கோப்பு இருக்கும் பாதையை நினைவில் வைத்திருக்கும் என்பதால், ஃபோல்டரை இடம் மாற்றினால் கோப்பைக் காணோம் என்று கேட்கும். புது இடத்தைக் காட்டிவிட்டால் சரி.

அழிக்க வேண்டியது வேலை ஃபோல்டரில் உள்ள இடைநிலைக் கோப்புகளை. எடிட்டிங்குக்காக புரோரெஸ் 422 என்ற குறைவாகச் சுருக்கும் கோடெக்குக்கு மாற்றியிருந்தால், 1080 அளவில் விநாடிக்கு 30 ஃபிரேம் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 66 ஜிபி தின்றிருக்கும். முடிந்த கோப்பு மூன்று பிரதியிலும் சேர்ந்து, செக்சமும் பொருந்தி, நீங்களே ஒருமுறை முழுதாக உட்கார்ந்து பார்த்த பிறகு அவற்றை அழியுங்கள். பார்ப்பதற்கு முன் அழித்துவிட்டு, 52-ஆவது நிமிடத்தில் ஒலி விலகியதைக் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருவன்.